கேமராவை இங்கேயே வாங்கிவிட்டோம்

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா வாயால் சொல்ல, உன் தங்கச்சி கையால் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது, மற்றபடி அவள் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அங்கே குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே சொல்கிறேன்.

முதல் சேதி, தங்கச்சிக்குக் கேமரா வாங்கியாகிவிட்டது. கோபப்படாமல் முழுக்கப் படி. வரும்போது நானே வாங்கிவருகிறேன் என்று நீ சொன்னது போன வருஷம் மழை பிடித்த வாரம், செவ்வாய்க்கிழமை, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், போனில் உன் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு தடவை டிக்கெட் போடப்போகிறேன் என்றாய், இரண்டு தடவையும் ஏதோ வேலை குறுக்கே வந்துவிட்டது. இவள் வாடகைக் கேமராவோடு அல்லாடினாள். துணிக்கடைக்காரர் ஒருவருக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் அது பாதியில் மக்கர் பண்ணி, அவர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் ஒன்றில் எல்லா வகுப்புக்கும் படம் எடுக்க வேண்டும். இதுவும் கைநழுவினால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

அங்கே விலை மலிவு என்று நீ சொன்னது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீ ஊர் சுற்றப் போன இடத்தில் வாங்கி, உன் கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிய லென்ஸ் ஞாபகம் இருக்கிறதா? இவளிடம் அப்போதிருந்த பழைய கேமராவில் அது மாட்டவே இல்லை. ரிப்பேர்க்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனி ஒண்ணுதான் பெரியவரே, மாட்டுற வாய்தான் வேற, வாங்கின கடையிலதான் மாத்தணும் என்றார். வாங்கின கடைக்கு நான் பஸ்ஸிலா போக முடியும்? கேரண்டிச் சீட்டும் இங்கே செல்லாதாம். அம்மா அந்த லென்ஸை நகை மாதிரி துண்டில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை நானும் இவளோடு கடைக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கைக்கு அடங்குகிறதா, விரல் பொத்தானுக்கு எட்டுகிறதா என்று பார்த்து, தெருவில் போகிற வண்டி, என் மூக்கு, கடைக்காரர் வழுக்கை எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினாள். ஏம்மா, கேமரா வாங்க வந்தியா, என் தலையை அளக்க வந்தியா என்று அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி. மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றோம், முகம் சுளிக்காமல் வேறு பெட்டி எடுத்துக் கொடுத்தார். அங்கே வாங்கியிருந்தால் அந்தப் புள்ளியோடுதான் இவள் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது இவளுக்கும் தெரியாது. ஏழு மாசத்துக்கு முன்னாலேயே இங்கே வாங்கிக்கிறேன்பா என்று இவள் கேட்டாள். வேண்டாம், அண்ணன் மனசு நோகும் என்று தடுத்தது நான்தான். உன் மனசை நினைத்து இல்லை. அந்தக் கேமரா ஒன்றுதான் நீ வருவதற்கு இருந்த சாக்கு, அதையும் இங்கே வாங்கிவிட்டால் நீ எதற்கு வருவாய் என்று பயந்துபோனேன். துணிக்கடை வேலை போனதும் என்னால்தான். இதைச் சொன்னதும் இவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, ம், மேல சொல்லுங்க என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நன்றாக இருங்கள். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, வீடியோ போனில் பேசிக்கொண்டே சாப்பிடும்போது இடது பக்கமாகவே மெல்லுகிறாய், நான் கவனித்தேன். இனி நீ இங்கே கொண்டுவர வேண்டிய சாமான் ஒன்றும் பாக்கி இல்லை. சாக்கும் இல்லை. சும்மா வா, உன்னைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)