முதலே பார்த்துவிட்டு வரவும்

ஓகஸ்ட் 3, சனி

இனி வகுப்பில் புதுப்பாடம் கிடையாது. ஆசிரியர் செயலமர்வில் காட்டிய முறைதான்: பாடத்தை வீடியோவாக முதலே அனுப்புவேன், பிள்ளை வீட்டில் பார்த்து வாசித்துப் பழகி வரவேண்டும், வகுப்பில் திருத்தம் மட்டும். என்னிடம் தனியாக வயலின் பழகும் ஹிமாயாவோடு தொடங்குகிறேன். டிசம்பரில் பரீட்சை. பழைய வேகத்தில் போனால் கோட்டைவிடுவாள்.

இதுவரை காரைதீவில் என் வீட்டில் மட்டும்தான் வாசிப்பாள். இன்று என் வயலின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தேன். கூட்டிப்போக வந்த அவளுடைய வாப்பா ஜவுபர் தயங்கினார். "கல்முனையில எங்கட பக்கம் நெருக்கம் மிஸ். சுவர் ஒண்டுதான், ஊடு ரெண்டு."

"மெதுவா வாசிக்கட்டும்" என்றேன்.

ஓகஸ்ட் 10

பரவாயில்லையே! வீடியோவில் அனுப்பிய வர்ணத்தின் முதற்பாதி பிழையில்லாமல் வந்தது. ஆனால் வில்லைத் தளர்த்தாமல், தந்தியெல்லாம் வில்லில் பூசும் றொசின் தூள் ஒட்டியபடி பெட்டியில் போட்டிருக்கிறாள். எப்படித் துடைத்து வைப்பது என்று அதற்கும் ஒரு வீடியோ அனுப்பினேனே! ஏசினேன். சிரிக்கிறாள், கழுதை.

ஓகஸ்ட் 15

ஹிமாயாவின் செய்தி: "மிஸ், இந்தக் கிழம ஊட்ட வாசிக்க ஏலா." காரணம் இல்லை. பழகாமல் இருக்கச் சாட்டுத்தான். "வாசித்துப் பதிந்து அனுப்பாவிட்டால் சனிக்கிழமை வரவேண்டாம்" என்று எழுதினேன். இளக்கம் கொடுத்தால் பிள்ளைகள் தலையில் ஏறிவிடும்.

பின்னேரம் பதிவு வந்தது. அப்படியொரு சுத்தம்! பின்னால் யாரோ ஓதும் சத்தம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியாக்கும்.

ஓகஸ்ட் 17

வரவில்லை. போனையும் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

ஓகஸ்ட் 18

ஜவுபருக்குப் போன் எடுத்தேன். பதிவு அனுப்பிய அன்று சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் மையத்து, சாவு. ஜனாஸாவை இன்னும் எடுக்கவில்லை, பெண்கள் சுற்றியிருந்து ஓதுகிறார்கள் — இந்தப் பக்கம் இவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என் வர்ணத்தை வாசித்திருக்கிறாள்.

"பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கெண்டு கேட்ட ஆக்களுக்கு நான் பதில் சொன்னன் மிஸ். மையத்து ஊட்டாக்களுக்கு என்னத்தச் சொல்ற?"

நான்தான் வாசிக்கச் சொல்லி நெருக்கினேன் என்றேன். "அவள் அதச் சொல்லல்லயே... சரி மிஸ். ஆனா இனி ஏலா."

ஐயோ, ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல? — நான் கேட்டேனா? சாட்டெண்டு நானே முடிவு கட்டிப்போட்டன்.

ஓகஸ்ட் 24

வர்ணத்தின் இரண்டாம் பாதியும் பதிந்து வைத்திருக்கிறேன். ஆருக்கு அனுப்ப?

ஓகஸ்ட் 31

ஜவுபர் வயலினைத் தந்துவிட்டுப் போனார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

பெட்டியைத் திறந்தேன். வில் தளர்த்தியிருந்தது. தந்திகளில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. மேலே துணி, வீடியோவில் நான் மடித்துக் காட்டிய மாதிரியே.