இரண்டு மாதத் தேமல்

அக்கரப்பத்தனை, மேல் டிவிசன்
07.03.2004

அன்புள்ள மருமகள் பூரணிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன். உன் அத்தை வேலாயியின் முதுகில் இருக்கும் வெள்ளைத் தேமல் லேசுப்பட்டதில்லை என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவுக்கே எடுத்துச் சொன்னவன் நான். அவர் களிம்போடு நிறுத்திக்கொண்டார். நான் விடுவேனா, நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய்விட்டேன்.

தோல் டாக்டர் சிங்களவர். அத்தைக்குச் சிங்களம் ஒரு சொல் வராது, அவளுக்காக நான்தான் பேசினேன். என் சிங்களத்தைக் கேட்டு டாக்டரே எழுந்து நாற்காலி போட்டார். தோலில் ஒரு துண்டு வெட்டி, கொழும்பில் நீ வேலை செய்கிற லேப்புக்கே அனுப்பியிருக்கிறார்கள். நம்ம வீட்டுத் துண்டு, முதலில் பார்த்துவிடு.

உன் மாமா
வீரய்யா

கொழும்பு
22.03.2004

அன்பு மாமா,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். அத்தைக்கு வந்திருப்பது தேமல் இல்லை, தோலில் வரும் ஒரு புற்றுநோய். இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை தோலுக்குள் குடியேறிப் பெருகுகிறது. அந்த அணுக்களின் மேல் அடையாளங்கள் இருக்கும். சாயம் போட்டு, எது தெரிகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் சி.டி. நாலு தெரியும். அத்தைக்குத் தெரிவது சி.டி. எட்டு.

எட்டு என்றால் இரண்டு விதம் உண்டு. ஒன்று வெள்ளைத் திட்டாக வருடக்கணக்கில் மெதுவாகப் போவது, ஒளிச் சிகிச்சைக்கே அடங்கும். மற்றது சில மாதங்களில் பரவுவது, அதற்குக் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும். சாயம் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது. எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். துண்டோடு வந்த படிவத்தில் 'இரண்டு மாதம்' என்று இருக்கிறது. அது சரிதானா?

பூரணி

அக்கரப்பத்தனை
29.03.2004

அன்புள்ள பூரணிக்கு,

நான் சொன்ன பிறகு அதில் என்ன சரிதானா? லயத்து வரிசை வீடுகள் முழுக்க விஷயம் தெரியும். பக்கத்துக் காம்பரா வீட்டுக் கந்தப்பன், "என்னண்ணே, எட்டாம் நம்பராமே?" என்றான். "நாலாம் நம்பர் ஊருல எல்லாருக்கும் வர்றதுடா. எட்டு லேசுல வராது" என்றேன். அதோடு உள்ளே போய்விட்டான்.

வருசப் பிறப்பு கழிந்த திங்கட்கிழமை வார்டில் சேர்த்து மருந்து ஏற்றப் போகிறார்கள். முடி கொட்டுமாம். அத்தை கொண்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள்.

வீரய்யா

கொழும்பு
05.04.2004

மாமா,

எட்டு என்பது பரிசு நம்பர் இல்லை. அத்தையைக் கூப்பிடச் சொல்லித் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். கிளார்க் ஐயா "சொல்றேன், சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார். டாக்டரிடமும் பேசினேன். "புருஷன் சொன்னதை எழுதினேன். நீ உன் கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? அத்தை முதுகை யாருக்குக் காட்டியிருக்கிறார்?

மருந்து ஏறப்போவது அத்தையின் உடம்பில், உங்கள் உடம்பில் இல்லை. அன்றைக்கு டாக்டர் கேட்டபோது அத்தை என்ன சொன்னார்? கூட்டாமல் குறைக்காமல் அதை மட்டும் எழுதுங்கள்.

பூரணி

அக்கரப்பத்தனை
09.04.2004

அன்புள்ள பூரணிக்கு,

தபாலில் போட்டால் வருசப் பிறப்பு லீவில் மாட்டிக்கொள்ளும். அதனால் கொழும்பு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு அவர் நல்ல பழக்கம். அது கிடக்கட்டும்.

டாக்டர் எவ்வளவு காலம் என்று கேட்டார். நான் அத்தையைக் கேட்டேன். "ஏழு வருசமாச்சுன்னு சொல்லுங்க" என்றாள். ஏழு வருசமும் டவுனுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "தேமலுக்கெல்லாம் யாராச்சும் டாக்டர்கிட்ட போவாங்களா" என்று நான்தான் தள்ளிப்போட்டேன். இவ்வளவு காலம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அந்த மனுசன் என்னைக் கேட்டால்?

சிங்களத்தில் இரண்டு மாதம் என்றேன். அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அவள் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்று நினைத்து, அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அந்த இரண்டு மாதம் நானாகச் சொன்னது.

மாமா