அப்பா மறுபடி ராஜா வேடம் கட்டியது

பார்மா, இத்தாலி

அன்பு மகள் லவீனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் தொண்டையைத் தவிர. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குளிர்காலத்தில் அப்பாவுக்குக் குரல் நாணில் ஆபரேஷன் நடந்தது, உன்னிடம் சொல்லக் கூடாதென்று காகிதத்தில் எழுதிக் காட்டினார், பேசவே கூடாதென்று டாக்டர் தடுத்திருந்தார். வீடு அமைதியாக இருந்தது, அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. வசந்தத்தில் குரல் திரும்பியதும் நம் ஊர் ஓப்பரா இசைநாடகத்தில் கிழ ராஜா வேடத்துக்கு ஒப்புக்கொண்டார். அப்பாவைப்போல் கனத்த பாரிடோன் குரலுக்கு அப்பன், வில்லன், ராஜா இவைதான் கிடைக்கும், காதலெல்லாம் உச்சத்தில் பாடும் டெனருக்குத்தான், உனக்கே தெரியும். மேல்மாடி ரசிகர்களையும் தெரியும், போன வருடம் பாட்டு பிடிக்காமல் ஒரு டெனரை விசிலடித்தே ரயிலேற்றிவிட்டார்கள். ஞாயிறு மதியக் காட்சியில், மகளை மன்னிக்கும் பாட்டின் உச்சத்தில் அப்பாவின் குரல் உடைந்தது. வாத்தியங்கள் நின்றுபோயின. நான் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து கசாப்புக்கடை தெர்சீலியோ எட்டிப் பார்த்து, "எவாரிஸ்தோ, மெதுவா மறுபடி பாடுப்பா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான். அப்பா அண்ணாந்து, "நீ வாய மூடினா பாடறேன்" என்றார். சபையே சிரித்தது. மறுபடி பாடினார், உச்சத்துக்குப் போகாமல் கீழேயே நின்று, பேசுவதுபோல. ஒருவரும் இருமவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள்.

ஒப்பனை அறையில், "பாவம்னு தட்டினானுங்க ஒர்னெல்லா, விசிலே தேவல" என்று கிரீடத்தைக் கழற்றாமலே அழுதார். நான் கைக்குட்டை கொடுத்தேன். மறுநாள் அவரே தியேட்டருக்குப் போய், ராஜாவை இளையவன் ஒருவனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். இப்போது அதே ஓப்பராவில் அவர் அரண்மனை வைத்தியர், "அரசர் இறந்துவிட்டார்" என்று பாடினால் வேலை முடிந்தது. "சாவறதவிட சாவுச் சேதி சொல்றது உடம்புக்கு நல்லது" என்கிறார். அந்த ஒரு வரியைக் காலையிலிருந்து பழகுகிறார், அரசர் தினமும் என் சமையலறையில்தான் சாகிறார். தேவாலயக் கூடத்தில் பியானோவோடு மட்டும் பாடும் ஒரு கச்சேரிக்கும் கேட்டிருக்கிறார்கள், யோசிக்காமல் சரியென்றுவிட்டார்.

வேலை வேலையென்று சாப்பிடாமல் கிடக்காதே. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவரே எடுப்பார். குரல் மாறியிருக்கிறது, யார் பேசுவதென்று கேட்டுவிடாதே.

உன் அம்மா
ஒர்னெல்லா