உதிராத சோறு

டிசம்பர் 4, புதன்

மழை. விறகெல்லாம் நமுத்துப்போய் அடுப்படி முழுக்கப் புகை. வெங்காயம் உரித்த வாசனை விரலை விட்டுப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பிரியாணிக் கடையில் எனக்குக் கிடைத்த பதவி இதுதான். அண்டாவுக்குப் பக்கத்தில் பொம்பளை நிற்கக் கூடாதாம். யார் போட்ட சட்டம்? கேட்டால் என் வீட்டுக்காரர் அமீருதீன், "எங்க அத்தா காலத்துலருந்தே அப்பிடித்தான்" என்று என் மாமனாரை இழுப்பார். பேச்சு அதோடு முடிந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாராவாரம் பிரியாணி கொடுக்கிறோம். அங்கே கேன்டீன் பொறுப்பில் இருக்கும் மைதிலி இன்று கடைக்கே வந்துவிட்டார். சிசிலி என்ற தீவிலிருந்து மெஷின் மாட்ட ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்களாம். இத்தாலிக்குக் கீழே, கடல் நடுவில் இருக்கிறதாம் அந்தத் தீவு. நம் காரம் தாங்காமல் பாதிப் பட்டினி.

"பதிமூணாம் தேதி அவங்க ஊர்ல விசேஷம் பாய். அன்னிக்கு அவங்க ஊர்ச் சாப்பாடு செஞ்சு தர முடியுமா? பிடிச்சுப்போச்சுன்னா அவங்க கிளம்புற வரைக்கும் ஆர்டர் உங்களுக்குத்தான்."

என் வீட்டுக்காரர் கையை ஆட்டினார். "நமக்கு பிரியாணிதாம்மா தொழிலு. இதெல்லாம் ஆவாது."

"நான் செய்றேன்!"

யார் சொன்னது? நான்தான். உள்ளேயிருந்து, கையில் வெங்காயத்தோடு.

மைதிலி போனதும் அவருக்கு ஒரே சிரிப்பு. "நீ செஞ்சு அவனுங்க துன்னுட்டானுங்கன்னா, அப்பால நான் வெங்காயம் உரிக்கிறேன். நீ அண்டாவாண்ட நில்லு."

சரி. அல்லாஹ் சாட்சி. மகள் மஹீராவும் சாட்சி.

டிசம்பர் 8, ஞாயிறு

மஹீரா போனில் தேடி பீட்சா, பாஸ்தா என்று அடுக்கினாள். நல்லவேளை, மைதிலியை ஒரு வார்த்தை கேட்டேன். அந்த ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கும் சால்வோவிடம் அவர் விசாரித்துச் சொன்னார். அன்றைக்கு ரொட்டியும் பாஸ்தாவும் தொடவே மாட்டார்களாம்!

ஒரு காலத்தில் அந்தத் தீவில் பெரும் பஞ்சம். லூசியா என்ற புனிதையின் நாளில் கப்பல் நிறையக் கோதுமை வந்து சேர்ந்திருக்கிறது. மாவாக அரைக்கும்வரை யாருக்கும் பொறுமையில்லை. அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். அதனால் இன்றும் அந்த நாளில் முழுக் கோதுமையில் ஒரு இனிப்பு. அப்புறம் சோற்று உருண்டை: மஞ்சள் சோற்றுக்குள் கொத்துக்கறி வைத்துப் பொரிப்பது. அந்தப் பஞ்சக் கதையைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளும் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்குமே.

அங்கே அரிசியைக் கொண்டுபோனதே அரபிகள்தானாம். எலுமிச்சை, கரும்புகூட. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆண்டிருக்கிறார்கள். இவரிடம் சொன்னேன். "அப்ப பிரியாணியே குடுக்கலாமே" என்கிறார். இவர் மண்டையில் வேறு என்ன ஏறும்!

டிசம்பர் 10, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு. கடை வழக்கப்படி பாஸ்மதியை முக்கால் பதத்தில் வடித்து, குங்குமப்பூ சேர்த்து, கறி வைத்து உருட்டி எண்ணெயில் விட்டேன். சட்டியில் சோறு தனி, கறி தனி, என் மானம் தனி.

அவர் எட்டிப் பார்த்து, "உதிரி உதிரியா சோக்காத்தான் கீது" என்றார். கையில் கரண்டி இருந்தது. எப்படிச் சும்மா இருந்தேன் என்று தெரியவில்லை.

ஏன் வாயைக் கொடுத்தேன்? காலம் முழுக்க வெங்காயம்தானா எனக்கு?

டிசம்பர் 11, புதன்

மரமண்டை நான்! சோறு உதிரணும், உதிரணும் என்று கேட்டே பழகின கை. ஒட்டணும்டி குல்ஷன், இது ஒட்டணும்! நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவளுக்குச் சோற்றைக் குழைக்கத் தெரியாதா?

பச்சரிசியில் தண்ணீரைத் தாராளமாக விட்டு, குழையக் குழைய வேகவைத்து, வெண்ணெய் போட்டுக் கிளறி, தாம்பாளத்தில் ஆறவிட்டேன். உருண்டையை முட்டையில் முக்கி, ரொட்டித் தூளுக்குப் பதில் நுணுக்கிய அவலில் புரட்டினேன். எண்ணெயில் ஒரு பருக்கை பிரியவில்லை.

அவர் தாம்பாளத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். "யார்னா பாத்தா இன்னா ஆவறது? பாய் கடைல சோறு கொழஞ்சுபோச்சுன்னு பூந்தமல்லி பூரா பேசுவானுங்க!"

அப்புறம் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

டிசம்பர் 12, வியாழன்

கோதுமை ஊறுகிறது. யா அல்லாஹ்.

டிசம்பர் 13, வெள்ளி

ஜெயித்தேன்! ஜெயித்தேன்! ஜெயித்தேன்!

அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போக, நானும் மஹீராவும் ஆட்டோவில் போனோம். சால்வோ ஒரு உருண்டையைப் பிட்டு உள்ளே பார்த்தார். மஞ்சள் சோறு, நடுவில் கறியும் பட்டாணியும். ஒரு கடி. உடனே போனை எடுத்து ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினார். அந்தம்மா படபடவென்று ஏதோ கத்தியது. என்ன குறையென்று மைதிலியைக் கேட்கச் சொன்னேன். உருண்டை சின்னதாக இருக்கிறதாம், அவ்வளவுதான்! இந்த மாமியார்கள் எந்தக் கடலைத் தாண்டினாலும் இப்படித்தான் போல.

பாலைத் திரித்துச் சர்க்கரையோடு மசித்து, வெந்த கோதுமையில் கலந்து வைத்திருந்தேன். ஒருத்தர் கிண்ணத்தை விரலால் வழித்தார். நான் கொண்டுபோன பாத்திரம் எல்லாம் காலி. அல்ஹம்துலில்லாஹ்.

"திங்கள்லருந்து நீங்கதான். பாய் பேர்லயே எழுதிக்கட்டா?" என்றார் மைதிலி.

"இல்லம்மா. குல்ஷன்னு எழுதுங்க."

டிசம்பர் 16, திங்கள்

காலையில் அண்டாவை நானே அடுப்பில் ஏற்றினேன். அவர் மணையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயத்தை இழுத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாத மனுஷன், அதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்து டீக்கடை கோதண்டம் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், கண்ணு கலங்கிக்கினு கீது?"

"மாஸ்டர் வேலை வாங்குதுப்பா" என்றார், என்னைக் காட்டி.

மாஸ்டர்! இந்தக் கடையில் அவருக்கும் அவர் அத்தாவுக்கும் மட்டுமே இருந்த பெயர். எனக்கும் கண் கலங்கியது. காட்டிக்கொள்வேனா?

"பேச்சக் கொறைங்க. இன்னும் அரை மூட்ட கீது" என்றேன்.