பாக்கியம் போட்ட வெள்ளைக் கோடு

என் ராசாத்தி பாக்கியத்துக்கு,

நீ போய் நாளை மறுநாளோடு ஒரு வருஷம். பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே குடும்பத்தார் பெயரைப் போட்டால் போதும் என்கிறாள் மகள். எனக்குப் போதவில்லை. உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இத்தனை வருஷமாக என் தொண்டையிலேயே நிற்கிறது.

புந்தோங்கில் நம் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைத்தான் மெக்கானிக் என்பார்கள். இஞ்சினைக் கழற்றி மாட்டுவது நான்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இஞ்சின் தலையில் இருக்கிற ராக்கர் மூடியைத் திறந்து வால்வு இடைவெளி வைக்கிற நேரம் வந்தால், அளவு பார்க்கிற மெல்லிய தகடு உன் கைக்குப் போய்விடும். நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே மயிரிழை திரும்பி அளவு மாறிவிடும். எனக்கு மூன்று தடவையாவது பிடிக்கும், உனக்கு ஒரே தடவை.

"இதென்னங்க பெரிய வித்தை? கங்சார் ரப்பர்த் தோட்டத்துல பதினோரு வருசம் மரம் வெட்டுனவ நான். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலோட போனா பால் வராது. நடுவுல எவ்ளோ எடம் இருக்குன்னு கைக்குத் தெரியும்லா" என்பாய்.

தோட்டத்தில் மரப்பட்டையில் பெயிண்ட் அடையாளம் வைப்பார்களே, அந்தப் பழக்கத்தில், வேலை முடிந்ததும் நட்டையும் திருகாணியையும் சேர்த்து வெள்ளைக் கோடு ஒன்று இழுப்பாய். யார் தொட்டாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறாயா என்று நான் கேலி செய்வேன்.

ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ச் சின்னப்பனின் மீன் லோரி ஞாபகம் இருக்கிறதா? எழுபத்தெட்டோ ஒன்பதோ. நீ வேலையை முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாய். வெளியே போய்விட்டு வண்டியை எடுக்கத் திரும்பி வந்தவர், "இன்னும் டிக் டிக்குங்குதே அண்ணே. அக்கா செஞ்சதுமேல நீங்க கை வைக்க மாட்டீங்களோ?" என்று சிரித்தார்.

அந்தச் சின்னச் சத்தம் இருக்கத்தான் வேண்டும். சூடேறினால் வால்வு நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் சரியாக மூடாமல் கருகிவிடும். எனக்குத் தெரியாததா? ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. "கோப்பி குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, எட்டு வால்விலும் இடைவெளியைக் குறைத்தேன். சத்தம் நின்றது. அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அந்த லோரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். வால்வு கருகி வழியிலேயே நின்று, ஐஸ் கரைந்து, மீன் முழுக்க நாறிப்போயிருந்தது. "பொம்பள கையில வண்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று வாசலில் நின்று கத்தினார் சின்னப்பன். நீ நேரே போய் மூடியைத் திறந்தாய். எட்டுக் கோடுகளும் விலகியிருந்தன. என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவரிடம், "என் கைத் தப்புதான் அண்ணே. நாங்களே சரி பண்ணித் தாரோம்" என்றாய்.

நான் பக்கத்திலேதான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

வீட்டில் நீ சண்டை போடவில்லை. மறுநாள் சோறு போடும்போது மட்டும், "சத்தமே ஆவாதுன்னா இஞ்சின நிறுத்திட வேண்டியதுதான்" என்றாய். அதோடு சரி.

அடுத்த மாசமே சின்னப்பன் திரும்பி வந்தார். "அக்காவே பாக்கட்டும்" என்றார். ஏன் வந்தார் என்று உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை லோரி, எத்தனை பழைய பஸ். நீ வைத்த வால்வு ஒன்றுகூடக் கருகியதில்லை. இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் சின்னப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மீன்கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்லா அண்ணே" என்றார். "மொதல்ல அக்கா கோடு போட்டப்ப பக்கத்துலதான் நின்னேன். நீங்க ஒண்ணு ரெண்டத்தான் தொட்டிருப்பீங்கன்னு நெனச்சுக் கத்திட்டேன், மூடியத் தொறந்தப்பதான் பாத்தேன். எட்டும் கோணிக் கெடந்துச்சு. அதான் திரும்பி வந்தேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"அக்காவே உங்க தப்ப மறைக்கிறாங்க. நான் யாரு கேக்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. நீ உன் பெயரைக் கெடுத்து என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். உன் கோடு உன்னைக் காப்பாற்றிவிட்டது.

இப்போது வால்வு வைப்பது நான்தான். மூன்று தடவையோ நாலு தடவையோ, உன் அளவுக்கு வரும்வரை விடுவதில்லை. சத்தம் வருகிறது என்று யார் சொன்னாலும் இனி இடைவெளியைக் குறைக்க மாட்டேன், இது சத்தியம். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை மூடிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். நான் இழுப்பது சிவப்புக் கோடு. இனி ஏதாவது கருகினால், யார் கைத் தப்பு என்று ஊருக்குத் தெரியட்டும்.

சிவப்புக் கோட்டுக்காரன்,
உன் வீட்டுக்காரன் மாணிக்கம்