காரணம் கேட்பதில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு எழுதினேன். அடித்துவிட்டேன். இரண்டு வருடம் நான்கு மாதம் ஒரு வரி எழுதாதவள் அப்படிக் கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. உங்கள் முகவரியைக்கூட மைதானத்து அலுவலகத்தில்தான் வாங்கினேன். அங்கே இருந்த பெண் எழுதிக் கொடுத்துவிட்டு, "அவங்க மாதிரி பாராசூட் மடிக்க இன்னும் ஆளு கிடைக்கலீங்க" என்றாள். நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை.

மைதானத்துக்கு எதற்குப் போனேன் என்று யோசிப்பீர்கள். பெயர் கொடுக்கப் போனேன். மார்ச் பதினைந்து, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நானும் விமானத்திலிருந்து குதிக்கப்போகிறேன். தனியாக இல்லை. அண்ணன் விருந்தாளிகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பானே, அந்த மாதிரி. "ஒரு தடவை வா பூச்சி, கங்காருக் குட்டி மாதிரி கட்டிக் கூட்டிட்டுப் போறேன்" என்று வருடா வருடம் கூப்பிட்டான். "அடுத்த வருஷம்" என்று நானும் வருடா வருடம் சொன்னேன். அவன் கடைசியாகப் பார்த்ததை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது. இதற்கு மேல் எனக்கே விளங்கவில்லை.

ஆனால் பெயர் கொடுத்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படியில் கால் தயங்குகிறது. தலைக்குக் குளிக்கையில் கண்ணை மூடினால் தரை நழுவுகிறது. நாள் முழுக்கப் பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்கிற வேலை எனக்கு, அதுதான் வேடிக்கை. பல் ஆஸ்பத்திரி முன்மேஜையில் உட்கார்ந்து, "ஊசி போடுறதே தெரியாது சார்" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறேன். அதையே கண்ணாடி முன்னால் நின்று எனக்கும் சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்கு இது தெரியாது. நான் இந்த மூன்றாவது மாடிக்குக் குடிவந்தபோது அண்ணன் தூக்கி வந்து வைத்த ஐந்து புத்தகப் பெட்டிகளும் கட்டுப் பிரிக்காமல் சுவரோரம் கிடக்கின்றன. அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகள். அவன் எப்படிப் பயமே இல்லாமல் இருந்தான்? இரண்டாவதைக் கேட்கக் கை வரவில்லை. கேட்காமல் அந்த விமானத்தில் ஏறவும் முடியாது. அவன் விழுந்து இறந்த அன்று முதுகில் இருந்த பாராசூட்டை மடித்தது நீங்கள். அதில் ஏதாவது தவறு இருந்ததா? அம்மா அன்று எல்லோர் முன்னாலும் கத்திக் கேட்டதை நான் மெதுவாகக் கேட்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார்,
பூச்சி

~

பிப்ரவரி 17

அன்புப் பூச்சிக்கு,

உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ அடித்த வரி நன்றாகவே தெரிகிறது. நலமாக இருக்கிறேன். அதாவது வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மடிக்கிற வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சை அங்கி. பாராசூட் ஒன்றை மடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். இங்கே விரிப்பு ஒன்றுக்கு இருபது விநாடி. கோணலாக மடித்தாலும் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் கை கேட்கமாட்டேன் என்கிறது. மேற்பார்வை அம்மா, "ஏம்மா இப்படி நீவி நீவி மடிக்கிற, நோயாளி என்ன மாப்பிள்ளையா?" என்று தினமும் ஒரு முறை சொல்வார்.

உன் அண்ணனுக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? மூவாயிரம் முறைக்கு மேல் குதித்தவர், குதிக்கப்போகிற ஒவ்வொரு காலையும் வாந்தி எடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். எனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு எடுப்பார். ஒன்பது வருடம் கேட்காத மாதிரி இருந்தேன். ஆகவே நீ பயப்படுவதில் வெட்கமே வேண்டாம், உங்கள் குடும்பச் சொத்துதான்.

அவர் செய்ததை எழுதுகிறேன். வெறும் வயிற்றோடு போகாதே. ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட் போதும். விமானம் ஏறும்போது ஜன்னல் பக்கம் திரும்பாதே, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே இரு. மூச்சை இழுப்பதில் கவனம் வைக்காதே, விடுவதில் வை. இழுப்பது தானாக நடக்கும். கதவைத் திறந்ததும் காற்றுச் சத்தம் நெஞ்சில் அடிக்கும். அப்போது கீழே பார்க்காமல் தொடுவானத்தைப் பார். கையுறை போட்டுக்கொள், விரல் சில்லிட்டால் பயம் இரண்டு மடங்காகும்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டைகளை மாட்டும்போது, விமானத்தில் ஏறும்போது, கடைசியாகக் கதவில், ஆக மூன்று இடத்தில் "போலாமா?" என்று கேட்பார்கள். எந்த இடத்திலும் நீ வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் "சரி" என்பார்கள். அந்த ஒரு சொல்தான். காரணம் கேட்கமாட்டார்கள், தைரியம் சொல்லமாட்டார்கள், அப்புறம் கிண்டலும் கிடையாது. முதல் தடவை வருகிறவருக்கும் அதே, இருபது வருடம் குதித்தவருக்கும் அதே. காரணம் சொல்லவேண்டும் என்றால் பாதிப் பேர் வெட்கப்பட்டே குதித்துவிடுவார்கள். வெட்கத்தில் குதிக்கிறவருக்குத்தான் ஆபத்து.

உன் இரண்டாவது கேள்விக்கு: மடிப்பு சரியாக இருந்தது என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அண்ணி

~

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

பேருந்தில் ஷூ லேஸ் வித்தையைச் செய்து பார்த்தேன். எதிரில் இருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் காலைத் தரையில் தேய்க்க ஆரம்பித்தார். ஆனாலும் பலன் இருந்தது. மூச்சு விடுவதும் பழகிவிட்டது.

நேற்று பயிற்சி வகுப்பு. கொட்டகையில் ஒரு மரப்பெட்டிக்குக் கதவு வைத்து, அதன் விளிம்பில் உட்காரச் சொன்னார்கள். உயரம் என் முழங்கால் அளவுதான். அதற்கே நான் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் எழுதிய வழக்கத்தைச் சொல்லித்தந்து, வேண்டாம் என்று எல்லோரையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லவைத்தார்கள். பக்கத்தில் இருந்த வங்கி மேலாளர், "வீட்ல இப்படிச் சொல்லிப் பழகியிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

எங்கள் பல் டாக்டரிடமும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்பார். தூக்குவார்கள். "இதோ முடிஞ்சிடுச்சு, இன்னும் துளிதான்" என்று தொடர்ந்து செய்துகொண்டே இருப்பார். போன வாரம் ஒரு பெரியவர் வெளியே வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கையத் தூக்கச் சொன்னாரே, அது எதுக்கும்மா?" அடுத்த தேதிச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

அண்ணி, அறிக்கையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மடிப்பு சரி என்றால், அம்மா கத்தியபோது ஏன் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள்? அந்த வாரமே வீட்டுச் சாவியை என் கையில் திணித்துவிட்டு ஏன் போனீர்கள்? தப்பில்லாதவர் அப்படிப் போவாரா? பதினைந்தாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் கதவில் உட்கார்ந்தால் எனக்கு அண்ணன் நினைவு வராது, உங்கள் கைகள்தான் நினைவு வரும்.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பூச்சி

~

மார்ச் 4

அன்புப் பூச்சிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

மடித்தது நான். அட்டையில் என் கையெழுத்து இருக்கிறது. மடிப்பு சரியாகத்தான் இருந்தது. தவறு அதற்கு அப்புறம்.

அன்று புதன்கிழமை. ஓர் அலுவலகத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். உன் அண்ணனுக்கு அன்று யாரையும் கட்டிக்கொண்டு குதிக்கிற வேலை இல்லை, அவர்களோடு தனியாகக் குதித்து வீடியோ எடுக்க வேண்டும். எட்டுப் பேரும் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இப்படிப்பட்டவர்களைச் சிரிக்கவைக்க எனக்கு நன்றாக வரும் என்பது உனக்குத் தெரியும். யாராவது நடுங்கினால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அவருக்குப் பட்டையை மாட்டிவிட்டு "போலாமா?" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், மெதுவாக, "இன்னைக்கு வேணாம்" என்றார்.

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "ஏன்?" என்றேன். அவர் கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன்: "பாத்தீங்களா, மூவாயிரம் தடவை குதிச்ச வாத்தியாருக்கே கால் உதறுது. உங்களுக்கு உதறாம இருந்தாத்தான் அதிசயம்." எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவரும் சிரித்தார், பூச்சி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வாத்தியார் உதறினா கேமராவும் உதறும், அப்புறம் உங்க படத்துல எட்டுப் பேரு பதினாறா தெரிவீங்க" என்றார். இன்னொரு சிரிப்பு. ஏறிவிட்டார்கள்.

அவருக்கு வலது தோள் பிடித்திருந்தது. என்னிடம் சொல்லவில்லை. பட்டை மாட்டும்போது முகம் சுளித்திருப்பார், நான் பார்க்கவில்லை. பிற்பாடு அவர் பையில் தைலமும் மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்ட மருந்துக்கடைச் சீட்டும் இருந்தன. எப்படிப் பிடித்தது என்பது முக்கியமில்லை. பாராசூட் முறுக்கிக்கொண்டு விரிந்தது. யார் மடித்தாலும் எப்போதாவது அப்படி ஆகும், அவருக்கே முன்பு நான்கு முறை ஆகியிருக்கிறது. வலது கையால் ஒரு பிடியை முழு பலத்தோடு இழுத்து அதைக் கழற்றிவிட்டால், முதுகில் இருக்கும் இரண்டாவது பாராசூட்டில் இறங்கிவிடலாம். பிடி பாதிதான் வெளியே வந்திருந்தது.

அம்மா "நீ மடிச்சதுதானே" என்று கேட்டபோது ஆமாம் என்றேன். அது சுலபமாக இருந்தது. மடிப்பில் பிசகு என்றால் கைத்தவறு, யாருக்கும் நேரலாம். இது அப்படி இல்லை.

நீ குதி என்றும் சொல்லமாட்டேன், குதிக்காதே என்றும் சொல்லமாட்டேன். என் பழைய கையுறையை இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ வரச் சொன்னால் பதினைந்தாம் தேதி லீவு போட்டுவிட்டு வந்து கீழே நிற்கிறேன்.

அண்ணி

~

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கீழே வந்து நிற்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. மறந்துபோய் விட்டதல்ல.

நேற்று வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டேன், வாந்தி எடுத்தேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான். அம்மா வெளியிலிருந்து, "தண்ணி வீணாப் போகுது பாரு" என்றாள்.

என்னைக் கட்டிக்கொண்ட பயிற்சியாளர் எந்நேரமும் புதினா மிட்டாய் மெல்லுகிறவர். பட்டையை இறுக்கிவிட்டு "போலாமா?" என்றார். தலையாட்டினேன். ஏணியில் "போலாமா?" என்றார். தலையாட்டினேன். எதிரில் ஒரு பெண்ணுக்குச் சிவப்பு லேஸ், ஒரு காலில் இரட்டை முடிச்சு, மற்றதில் ஒற்றை. பதினைந்து நிமிடம் அதையே பார்த்தேன். கதவு திறந்தது. நீங்கள் எழுதிய மாதிரியே சத்தம் நெஞ்சில் அடித்தது. விளிம்புக்கு நகர்ந்து தொடுவானத்தைப் பார்த்தேன். பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. அவன் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். பயம்கூட அந்த நேரத்தில் அவ்வளவாக இல்லை. காதருகில் "போலாமா?" என்று கேட்டது.

வேண்டாம் என்றேன். அந்தக் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் தோளை இரண்டு முறை தட்டி, "சரி" என்றார். பின்னால் நகர்ந்தோம். சிவப்பு லேஸ்காரி போனாள், மற்றவர்களும் போனார்கள். கதவை மூடினார்கள். விமானி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டேன். அது கரைவதற்குள் தரையில் இருந்தோம். அலுவலகத்துப் பெண், "கையுறை அளவா இருக்கே" என்றாள். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வளவுதான் அண்ணி அது. ஒரு சொல். இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

கதவில் எனக்கு என்ன நினைவு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் இந்த வீட்டுக்குக் குடிவந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து பெட்டி, மூன்று மாடி. நாலாவது பெட்டியோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, இறக்கிவைத்து, வலது தோளைப் பிடித்துக்கொண்டான். "போதும் பூச்சி, மிச்சத்துக்கு ஆள் வெச்சுக்கலாம்" என்றான். நான் மேல் படியில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றேன். "ஆகாயத்துல குதிக்கிறவருக்கு மாடி ஏற மூச்சு வாங்குதாக்கும்" என்றேன். சிரித்தான். தூக்கிக்கொண்டான். ஐந்தாவதையும் தூக்கினான்.

எப்படிப் பிடித்தது என்பது முக்கியமில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்துச் சீட்டில் தேதியைப் பார்த்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வருடம் அம்மாவின் வசவை வாங்கிக்கொண்டு, அதை வெளியே விடாமல் வைத்திருந்தீர்கள். நன்றி சொல்லத்தான் வேண்டும். எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

மடிப்பில் தவறில்லை என்று இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ யாருதான் காரணம்?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை. கோபம் என்றால் சண்டை போட்டாவது எழுதிக்கொண்டிருப்பேன். உங்கள் கடிதத்தைப் பிரித்தால் அந்த எட்டுப் பேரின் சிரிப்பு கேட்கிறது, அதோடு படிக்கட்டில் நின்று கிண்டல் செய்த என் சத்தமும் கேட்கிறது, நடுவில் அவன் சிரிக்கிறான். என் கடிதத்தைப் பிரிக்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இதோடு ஒருவர் இருப்பதே கஷ்டம். இரண்டு பேர் மாற்றி மாற்றித் தபாலில் அனுப்பிக்கொள்ள என்னால் முடியாது.

கையுறையைத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே சீட்டு எதுவும் வைக்கவில்லை, தேட வேண்டாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம், அண்ணி.

பூச்சி

~

மார்ச் 21

பூச்சிக்கு,

சரி.

அண்ணி