ஜன்னலோரக் கட்டில்

மருமகளுக்கு,

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டரைக் கேட்கிறீர்கள். வீட்டுக் கிழவன் சொன்னால் மட்டும் காதில் ஏறாது.

நேற்று நீ அந்த இலவச வெப்சைட்டில் எங்கள் அறையை வரைந்து, "மாமா, அத்தை கட்டிலை எங்க போடலாம்னு இதுலயே நகத்திப் பாக்கலாம்" என்றாய். நான், "ஜன்னலோரம் இடமே இல்லங்கிறேன், படம் காட்டுறியா? சும்மா குடுக்கிறவன் பேச்சை எவன் நம்புவான்?" என்று கத்திவிட்டேன்.

நீ வேலைக்குப் போனதும் நானே திறந்தேன். போன் நம்பர் கேட்டது, கொடுக்கவில்லை. அப்படியும் வேலை செய்தது! விரலால் இழுத்தால் கட்டில் நகருதும்மா! ஜன்னலோரம் பீரோ மறித்தது. அதைத் தொட்டேன், அதுவும் நகருது! இத்தனை வருஷமாய் அது சுவரோடு பிறந்தது என்றே நினைத்திருந்தேன். எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன், கட்டில் கச்சிதமாய் உட்கார்ந்துவிட்டது! காலில் கட்டோடு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற உன் அத்தை, தெருவைப் பார்த்துப் படுக்கணும் என்றுதானே ஆசைப்பட்டாள்.

அவளை அழைத்துவரத்தான் கிளம்புகிறேன். என் மகன் வந்ததும் இரண்டு பேருமாய் பீரோவை நகர்த்துங்கள். அதிலிருந்த துணியெல்லாம் உங்கள் கட்டில்மேல் கிடக்கிறது, திட்டாதே. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவியோடு இந்தக் கடிதத்தையும் மாடிவீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அணைத்தால் கட்டில் பழைய இடத்துக்கே போய்விடுமோ என்று பயம்.

இன்னொன்று: வாசல்வரை போய்த் திரும்பி வந்து, டேப் பிடித்து அளந்தேன். கம்ப்யூட்டர் சொன்ன அளவு சரிதான். இருந்தாலும் சும்மா கொடுக்கிறவனை நான் நம்பமாட்டேன். வருகிறேன்.